துரைக்கு ஒரு வாக்கெடுப்பு

கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செல்வரத்தினம் டிஸ்பென்சராக இருந்தார். தோட்டத்துச் சனங்களுக்கு அவர் டாக்டரையா. கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவந்த சரோஜினி குளிரிலும் தனிமையிலும் வாடிப்போவதைக் கண்டு, முதல் மாதமே ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை வெளேரென்ற குட்டி. வந்த உடனேயே வீட்டில் இருந்த ஒரே சாய்மனைக் கதிரையில் ஏறி, கால் நீட்டிக்கொண்டு, இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தது.

"அசல் துரைதான்," என்றாள் சரோஜினி. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையை அவள் முதல்நாள்தான் கண்டிருந்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

தொழிலாளர் குடியிருந்த லயத்து நாய்களுக்கும் காட்டுச் சிறுத்தைக்கும் பயந்து துரையை அவர்கள் வெளியே விடுவதில்லை. ஒரு வருடம் நிம்மதியாகப் போனது. பிறகு துரை பெரிய கடுவன் பூனையாகிவிட்டான். ஜன்னலில் நின்று குழந்தை அழுவதுபோல் ஓலமிட்டான். ஒருமுறை குசினிக் கதவால் தப்பி ஓடி, மூன்றாம் நாள் காது கிழிந்து வந்தான். செல்வரத்தினம் அரைமணி நேரம் மருந்து கட்டினார். அதற்கு நன்றியாகத் துரை வாலைத் தூக்கி அவருடைய தொப்பியில் பீச்சினான். அடுத்த நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், கணக்கப்பிள்ளை அவரைவிட்டு நாலடி தள்ளியே நின்றார்.

தொப்பியைச் சரோஜினி மன்னித்தாள். மேசைவிரிப்பை மன்னித்தாள். ஆனால் ஒரு வெயில் நாளில் காயப்போட்டிருந்த அவளுடைய கூறைச் சேலையில் துரை தன் முத்திரையைக் குத்தியபோது, குந்தியிருந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"இஞ்சாருங்கோ, பண்டாரவளையில மிருக வைத்தியர் இருக்கிறாராம். இவனுக்கு நலமெடுப்பிக்க வேணும்."

"என்ன கதை கதைக்கிறீர்? அவனும் ஒரு ஆம்பிளை."

"நீங்களும் ஆம்பிளைதான். நீங்கள் என்ர கூறையில பெய்யேல்லையே!"

செல்வரத்தினம் விடவில்லை. ஒரு கிழமை வாதாடினார். தப்பி ஓடினால் சிறுத்தைக்கு இரையாவான் என்று அவள் சொன்னபோதுதான் கொஞ்சம் இறங்கினார். "சரி, போய்க் கேட்டு மட்டும் பாப்பம்," என்றார்.

அம்மன் திருவிழா முடிந்த மறுநாள் தோட்டத்துக்கு லீவு. பண்டாரவளை பஸ்ஸில் பாதிப்பேர் தோட்டத்து ஆட்கள். மடியில் மூடிக் கட்டிய பிரம்புக் கூடையோடு சரோஜினி ஏறினாள். கொழுந்து பறிக்கும் இராக்கம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். செல்வரத்தினம் பின்னால் கங்காணி மாரிசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கம்மா போறீங்க?" என்று கேட்டாள் இராக்கம்மா.

"துரைக்கு நலமெடுக்கப் போறம்."

"நலமா? ஏன், துரைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

சரோஜினிக்கு முகம் சிவந்தது. "அதில்லை... இந்த மாட்டுக்குச் செய்யிறது. நாம்பனுக்கு."

இராக்கம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு அவள் குரல் பஸ்ஸின் கூரையில் மோதியது.

"காயடிக்கிறதா! துரைக்கா!"

 கியர் மாற்றப்போன டிரைவரின் கை அப்படியே நின்றது. கங்காணி மாரிசாமியின் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு வேட்டியில் வழிந்தது. அப்போது கூடைக்குள்ளிருந்து ஒரு நீண்ட "மியாவ்" வந்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு வெள்ளைத் தலை வெளியே எட்டிப் பார்த்தது.

"இதுதான் துரை," என்றாள் சரோஜினி, சாகாத குறையாக.

அவ்வளவுதான். பஸ் வெடித்தது. முன்சீட்டுப் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். டிரைவர் ஓரத்தில் நிறுத்தி, தலையை ஸ்டியரிங்கில் வைத்துக் குலுங்கினான். துரை மட்டும் சிரிக்காமல் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தான். அதைக் கண்டு இன்னொரு தடவை வெடித்தது.

"அம்மா முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டான் கண்டக்டர் புஹாரி.

"நான் ஓம் எண்டுறன். அவர் வேண்டாம் எண்டுறார்."

"அப்ப ஓட்டுக்கு விடுவோம்! நாட்டுல இப்பத்தானே எலெக்சன் முடிஞ்சிச்சு."

இராக்கம்மாவின் சிரிப்பு நின்றது. அந்த வருடத்து எலெக்சனில், குடியுரிமை பறிக்கப்பட்ட தோட்டத்து ஆட்களின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. ஓட்டுப் போடும் நாளன்று அவர்கள் வழக்கம்போல மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனார்கள்.

"எனக்கும் உண்டா தம்பி?" என்றாள்.

"இந்த பஸ்ஸுல ஏறின எல்லாருக்கும் உண்டு ஆச்சி," என்றான் புஹாரி. மிதிபலகையில் ஏறி நின்று விசிலை ஊதினான். "மொதல்ல டாக்டரையா பேசணும். எதிர்த்தரப்பு!"

செல்வரத்தினம் எழும்பினார். மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார். "அன்பர்களே, வாய் பேசாத ஒரு சீவனுக்கு இந்த உலகத்தில சொந்தமெண்டு இருக்கிறது..." பஸ் மறுபடி கிளம்பி ஒரு வளைவில் திரும்பியது. மிச்சப் பேச்சை அவர் மாரிசாமியின் மடியில் விழுந்து கிடந்து முடித்தார். யாருக்கும் விளங்கவில்லை. பலத்த கைதட்டல்.

"சரி! துரைக்குக் காயடிக்கணும்ங்கிறவங்க கை தூக்குங்க!"

அவ்வளவு கைகளை அந்த பஸ் ஒருநாளும் கண்டிருக்காது. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கைகள், செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகள், மருதாணி வைத்த கைகள். இராக்கம்மா இரண்டு கையையும் தூக்கினாள்.

"ஆச்சி, ஒராளுக்கு ஒரு ஓட்டுத்தான்!"

"போன தடவ போடாததையும் சேத்துப் போடுறேன், எழுதிக்க!"

கங்காணி மாரிசாமி ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே அவருடைய வலது கை மெல்ல, தன்பாட்டில், மேலே போனது.

"வேணாம்ங்கிறவங்க?"

செல்வரத்தினம் மட்டும் குடையை உயர்த்தினார். பஸ் ஊளையிட்டது. அதுவரை விறைப்பாக இருந்த அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். மலைக்கு வந்தபிறகு அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. "தீர்ப்புக்குக் கட்டுப்படுறன்," என்று குடையை இறக்கினார்.

மிருக வைத்தியர் காரியத்தைக் கால்மணிக்குள் முடித்தார். மயக்கமருந்துத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்வரத்தினத்தின் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கில்லை, பூனைக்குத்தான்," என்று இரண்டு தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பங்களாவிலிருந்து ஆள் வந்தது. துரை உடனே வரச் சொன்னாராம். உண்மையான துரை.

செல்வரத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். உத்தியோகம் போகும், மனைவியையும் பூனையையும் கூட்டிக்கொண்டு ரயிலேற வேண்டியதுதான் என்று நினைத்தபடி ஏற்றத்தில் மூச்சிரைக்க நடந்தார். துரை வராந்தாவில் பைப்போடு நின்றார். தோட்டத்தில் இருபது வருடம் பழகிய தமிழில் கேட்டார்.

"டிஸ்பென்சர், உங்க பூனைக்கு ஆபரேசன் செஞ்சது. சரியா?"

"ஓம் சேர்."

"அதுக்கு என்ன பேர்?"

செல்வரத்தினத்தின் மூளை அப்படியே நின்றுபோனது. உலகத்தில் எத்தனையோ பெயர்கள். நாவில் வந்தது ஒன்றே ஒன்று.

"கனகசபை, சேர்."

"கனகசபை." துரை அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மீசை துடித்தது. "அப்ப நேத்து பஸ்ல எல்லா ஆளும் கை தூக்கினது கனகசபைக்குத்தான்?"

"ஓம் சேர்," என்றார் செல்வரத்தினம், தரையைப் பார்த்தபடி.

"குட். துரைசாணிகிட்ட ரெண்டு கடுவன் இருக்கு. கர்ட்டன் எல்லாம் நாசம். அந்த டாக்டர் அட்ரஸ் எழுதிக் குடுங்க." துரை திரும்பி உள்ளே போனார். கதவு சாத்தியதும் உள்ளேயிருந்து கேட்ட சத்தம் இருமலா சிரிப்பா என்று செல்வரத்தினத்தால் நிச்சயிக்க முடியவில்லை.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து எல்லாவற்றையும் சொன்னார். வேலை தப்பியது என்றதும் சரோஜினி சாமிப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பூனையின் பெயரைச் சொன்னதும் கும்பிட்ட கை அந்தரத்தில் நின்றது.

"என்ர ஐயாவின்ர பேரையோ?"

"வேற ஒண்டும் வாயில வரேல்லை, சரோ," என்றார் கனகசபையின் மருமகன்.

"சாவகச்சேரியில பென்சன் எடுத்துக்கொண்டு, விபூதி பூசிக்கொண்டு இருக்கிற மனுசன்..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. உதட்டைக் கடித்தாள், முந்தானையை வாயில் அடைத்தாள், பிறகு அப்படியே நிலத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். செல்வரத்தினமும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உலையில் அரிசி பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை.