திருப்பிச் சொல்லும் வரை

“கடல் வத்த ஆரம்பிச்சிடுச்சுங்க,” என்றாள் இசோ, கணவரின் காதருகே குனிந்து.

தொகுஜிரோ திருப்பிச் சொல்லவில்லை.

ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்த மிசாவோவின் கை அப்படியே நின்றது. அம்மா இன்னொரு முறை சொன்னாள். கொஞ்சம் காத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். மார்பு அசைகிறதா, மூச்சு இருக்கிறதா என்று அவள் பார்க்கவே இல்லை. அவளுக்கு இது போதும்.

முப்பது வருஷமாக அந்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும், தொகுஜிரோ அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த காரியம் பார்ப்பார். “சோறு ஆயிடுச்சு” என்றால் “சோறு ஆயிடுச்சு” என்பார். “மழை வருது, கணவாயை எடுத்து உள்ள வைங்க” என்றால், கொடியில் காயும் கணவாய் நனைந்தாலும் பரவாயில்லை, முழு வாக்கியமும் அவர் வாயால் ஒரு தடவை வந்தாக வேண்டும். ஊரில் அவருக்குக் கிளிப்பிள்ளை என்று பெயர். பீரங்கிக் கோட்டையில் வேலை பார்த்த பழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே மேலிருந்து வரும் கட்டளையைக் கீழே இருப்பவன் திருப்பிச் சொன்னால்தான் கட்டளை போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. கோட்டையில் வேலை பார்த்த மற்றவர்கள் அந்தப் பழக்கத்தைச் சீருடையோடு கழற்றிப் போட்டுவிட்டார்கள். இவர் மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக் கொமோதாவும் அவர் மனைவி சுயேவும் வந்தார்கள். தலை வடக்கே இருக்கும்படி படுக்கையைத் திருப்பி, முகத்தில் வெள்ளைத் துணி போட்டார்கள். கெட்டது எதுவும் அண்டாமலிருக்க, கொமோதா அப்பாவின் மார்பின் மேல் ஒரு சின்னக் கத்தியை வைத்தார்.

“மிசாவோ, கிளம்பு. நேரமாச்சுன்னா ரொம்ப தூரம் போயிடுவாரு. கூப்பிட்டுட்டு வந்துடலாம்.”

அவர்கள் ஊர் வழக்கம் அது. உயிர் பிரிந்ததும் ரத்த சொந்தம் ஒருவர் ஓடிப்போய்க் கிணற்றுக்குள் குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். யாரும் திரும்பி வந்ததில்லை. ஆனால் கூப்பிட்டால் போகிறவருக்கு வழி தெரியும் என்பார்கள். கூப்பிடாவிட்டால், கடைசியாக எங்கே காது வைத்திருந்தாரோ அங்கேயே தங்கிவிடுவார். கடல் முனையில் கோட்டை கட்டப் பாறையை வெடிவைத்துப் பிளந்தபோது ஊர்க் கிணறு வற்றிப்போனது. கிணற்றைக் குடித்தது கோட்டைதான் என்று ஊர் முடிவு கட்டியது. ராணுவம் இருந்தவரை கோட்டைக்குள் யாரையும் விடவில்லை. அந்தப் பத்துப் பதினைந்து வருஷம் செத்தவர்கள் கூப்பிடுவாரில்லாமலே போனார்கள். போர் முடிந்து ராணுவம் போன பிறகு, சாவு விழுந்தால் கோட்டைக்குத்தான் ஓடுகிறார்கள்.

மிசாவோ கிளம்பினாள். அம்மா பலகை அடித்த ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முனையைப் பார்க்கும் ஜன்னல் அது. ராணுவம் இருந்த காலத்தில், கோட்டை யார் கண்ணிலும் படக் கூடாதென்று, முனைப் பக்கம் திறக்கும் ஜன்னலையெல்லாம் அடைக்கச் சொல்லி உத்தரவு. படகில் போகிறவர்கள்கூட முனை வந்ததும் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். போர் முடிந்த குளிர்காலத்தில் எல்லா வீட்டிலும் பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்தார்கள். இசோ மட்டும் எடுக்கவில்லை. தொகுஜிரோவும் எடு என்று சொல்லவில்லை.

மலைப்பாதையில் கொமோதா கையில் விளக்கோடு முன்னால் நடந்தார். எழுபது வயதிலும் கால் வேகம் குறையவில்லை, வாயும்தான்.

“இந்தப் படி ஒவ்வொண்ணுக்கும் நான் சிமெண்டு சுமந்திருக்கேன், தெரியுமா? கூலி கேட்டா நாட்டுக்காகன்னு சொல்லுவான். பீரங்கி என்ன நீளம்! நம்ம ஊர்த் தெரு நீளம். சோதனைக்குச் சுடப் போறான்னா, அதிர்வுல உடையாம இருக்கக் கதவையெல்லாம் கழட்டி மெத்தைக்கு அடியில படுக்க வச்சுட்டு, நாங்களும் கூடவே படுத்துக்குவோம். எதிரிக் கப்பல் ஒண்ணு வரணுமே! வரவேயில்ல. உடைஞ்சதெல்லாம் நம்ம வீட்டுக் கூரை ஓடுதான்.”

“அப்புறம் அதை இரும்புக் கடைக்கு வித்தாங்களாம்ல, மாமா?”

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன். கொரியாவுல சண்டை வந்தப்ப இரும்புக்கு நல்ல விலை.”

மிசாவோவால் சிரிக்க முடியவில்லை. பதினொரு நாளைக்கு முன்னால் அப்பா சொன்னது நெஞ்சில் கிடந்து உறுத்தியது. அம்மா கணவாய் அலசப் போயிருந்த நேரம். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஸெய்சாகு செம்பு திருடப் போகலம்மா,” என்றார்.

ஸெய்சாகு அம்மாவின் முதல் கணவர். அப்பாவின் சிநேகிதர். போர் முடிந்த இலையுதிர் காலத்தில், கோட்டையைத் தகர்த்துவிடும்படி அமெரிக்கர்கள் உத்தரவு போட்டார்கள். மேலே, கடலைப் பார்க்கும் அறையில் தொகுஜிரோ. தொண்ணூறு மீட்டர் கீழே, பீரங்கிக் குண்டு அடுக்கும் குண்டறையில் ஸெய்சாகு. இரண்டுக்கும் நடுவே, பத்தடி தடிமன் கான்கிரீட்டுக்குள் புதைத்த பேச்சுக் குழாய் ஒன்றுதான். மேலே ஊதினால் கீழே சொருகிய தக்கையிலுள்ள விசில் அடிக்கும்; அந்தத் தக்கையை எடுத்துக் காது வைத்தால்தான் பேச்சு கேட்கும். நான்கு மணிக்குத் திரி வைத்தார்கள். எல்லாரும் வெளியே வந்தார்கள், ஸெய்சாகு வரவில்லை. சொல்லியும் கேட்காமல், செம்புக் கம்பி பிடுங்கக் கீழேயே நின்றுவிட்டான் என்று பேச்சு பரவியது. அரசாங்கக் காகிதத்திலும் அப்படியே எழுதினார்கள். செம்புத் திருடன் பெண்டாட்டி என்ற பெயரோடு இசோ ஒரு குளிர்காலம் முழுக்கத் தனியாக இருந்தாள். வசந்தத்தில் தொகுஜிரோ போய்ப் பெண் கேட்டார்.

“நான் ஊதினேன். கீழ விசில் அடிச்சது எனக்குக் கேட்டது. ‘வேலை முடிஞ்சது, எல்லாரும் மேல வாங்க’ன்னு சொன்னேன். அவன் திருப்பிச் சொல்லணும். நான் நிக்கல. லாரி கிளம்புதுன்னு சத்தம் போட்டானுங்க, அடைப்பானைச் சொருகிட்டு ஓடிட்டேன். அவன் தக்கையை எடுத்தானோ இல்லையோ. கேட்டானோ இல்லையோ. ஒரு மூச்சு நேரம் நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்.” பிறகு அவள் கையை அழுத்தினார். “அம்மாகிட்டச் சொல்லிடாதே.”

சொல்லாவிட்டால் அம்மா சாகும்வரை செம்புத் திருடனின் மனைவி. சொன்னால், அப்பாவின் சிதைக்கு அம்மா எந்த முகத்தோடு தீ வைப்பாள்? மிசாவோவுக்குப் பதினொரு நாளாகத் தூக்கமில்லை.

செங்கல் வளைவைத் தாண்டினார்கள். பீரங்கி இருந்த குழி வட்டமாக, ஒரு கோயில் குளம் அளவுக்கு இருந்தது. அடியில் பெரணியும், கான்கிரீட்டைப் பிளந்து வளர்ந்த ஒரு கற்பூர மரமும். ஊர்க்காரர்கள் வழக்கமாக இங்கேயே நின்று கூப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

“இங்க வேணாம் மாமா,” என்றாள் மிசாவோ. “அப்பா காது வச்ச இடம் மேல இருக்கு.”

கடலைப் பார்க்கும் அறைக்குள் அரை இருட்டு. கண் உயரத்தில் ஒரே ஒரு நீளப் பிளவு. அதற்கு வெளியே நீரிணை. சுவரில், இடுப்புக்கு மேலே, கை நுழையும் அளவுக்குப் பேச்சுக் குழாயின் துளை. பித்தளை வாயை எவனோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். அப்பா கற்பூர மரத்தில் அடைப்பான் ஒன்று செதுக்கி, மீன்பிடி நரம்பால் ஆணியில் கட்டி வைத்திருந்தார். தினமும் வந்து எடுப்பார், காது வைப்பார், மறுபடி இறுகச் சொருகுவார். நாற்பது நாளாக அவர் படுக்கையில்.

நரம்பு அறுந்து, அடைப்பான் தரையில் கிடந்தது.

“யார் மாமா எடுத்தது?”

“யாரும் எடுக்கல. அன்னிக்கு வெடிச்சதுல கீழ குண்டறைக்குள்ள கடல் பூந்துடுச்சு. தண்ணி ஏறுனா காத்தை மேல தள்ளும், தக்கை தெறிச்சிடும். தண்ணி இறங்குனா உள்ள இழுக்கும். குழாய் மூச்சு விடுது, அவ்வளவுதான். இப்ப வத்துற நேரம், பாரு.” அவர் ஒரு காய்ந்த இலையைத் துளையருகே காட்டினார். இலை அவர் விரலிலிருந்து நழுவி உள்ளே போனது. அது போகும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

மிசாவோ துளைக்கு முன்னால் குனிந்தாள். ஈர இரும்பு வாசனை. அப்பா என்று கூப்பிட வேண்டும். அல்லது பெயர் சொல்லி. வாய் திறக்கவில்லை. அவள் முகத்தருகே இருந்த காற்று மெதுவாக, விடாமல், உள்ளே போய்க்கொண்டிருந்தது. யாரோ பேச்சைக் கேட்க மூச்சை உள்ளே இழுத்துப் பிடிப்பது போலிருந்தது. அப்பாவை இதற்குள் கூப்பிட்டால், வருவது அப்பாதானா?

படியில் ரப்பர் பூட்ஸ் சத்தம். கொமோதா விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

இசோ. முப்பது வருஷமாக இந்த முனைப் பக்கம் முகம் திருப்பாதவள், அறை வாசலில் மூச்சு வாங்க நின்றாள்.

“அம்மா! அப்பாகிட்ட யாரு இருக்கா?”

“சுயே இருக்கா. நகரு.”

“அம்மா, ஒண்ணு சொல்லணும். அப்பா என்கிட்ட...”

“திருப்பிச் சொல்றதுக்கு நிக்கலன்னு சொன்னாரா?”

மிசாவோ துளையை விட்டு நகர்ந்தாள்.

“எனக்கு அவரை அதுக்கு முன்னாடியே தெரியும்டி. ஸெய்சாகு கூட வீட்டுக்கு வருவாரு. அப்பல்லாம் பத்துத் தடவை கூப்பிட்டாலும் காதுலயே வாங்க மாட்டாரு. சோறு ஆறிக் கல்லாயிடும். கல்யாணம் ஆன மொத நாள், ‘குளிக்கத் தண்ணி சுட்டுடுச்சு’ன்னேன். கையைக் கட்டிக்கிட்டு நின்னு, ‘குளிக்கத் தண்ணி சுட்டுடுச்சு’ன்னாரு. அப்பவே தெரிஞ்சு போச்சு. இதை ஒருத்தர் வந்து சொல்லணுமா?”

“தெரிஞ்சுமா கூட இருந்தே?”

“இருந்தேன். பிரியமாத்தான் இருந்தேன். ஆனா ஒரு நாள்கூட ‘போதும், விடுங்க’ன்னு சொல்லல. சொல்லணும் சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். அவர் திருப்பிச் சொல்றப்பல்லாம் உள்ளுக்குள்ள ஒரு பக்கம் குளுகுளுன்னு இருக்கும். சொல்லட்டும், இன்னும் சொல்லட்டும்னு இருக்கும்.” அவள் துளையின் பக்கம் திரும்பினாள். “முப்பது வருஷம் ஒரு மனுஷனை அப்படி நிக்க வச்சுட்டேன். இன்னிக்காவது சொல்லலாம்னு உக்காந்தேன். கடல் வத்துதுன்னுதான் வாயில வந்துச்சு.”

கொமோதா பிளவு வழியே கடலைப் பார்த்துக்கொண்டார். அவர் வாய் மூடியிருந்ததை மிசாவோ அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

இசோ இரு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு துளைக்குள் குனிந்து ஊதினாள். ஊதியது உள்ளே போனது. விசில் எதுவும் கேட்கவில்லை. கேட்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

“வேலை முடிஞ்சது,” என்றாள். வீட்டில் சோறு ஆயிடுச்சு என்று சொல்லும் அதே குரல். “எல்லாரும் மேல வாங்க.”

பிறகு முகத்தைத் திருப்பி, காதைத் துளையின் மேல் வைத்தாள்.

அவள் நின்றாள். மிசாவோ மனதுக்குள் எண்ண ஆரம்பித்து, அறுபதில் விட்டுவிட்டாள். கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அம்மாவின் காதோர முடி துளைக்குள் இழுபட்டு ஒட்டிக்கொண்டிருந்தது, நரைத்த பத்துப் பன்னிரண்டு இழை.

அந்த இழைகள் தளர்ந்தன. கொஞ்ச நேரம் சும்மா தொங்கின. பிறகு வெளிப்பக்கமாக, அவள் கன்னத்தின் மேல் அசைந்தன. ஒரு முறை. நின்று, இன்னொரு முறை.

கொமோதா கடலை எட்டிப் பார்த்தார். பாறையில் நீர்க்கோடு இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

“தண்ணி ஏறலயேம்மா,” என்றார் மிக மெதுவாக.

இசோ தலையை ஆட்டினாள், அவருக்கல்ல. “சரி,” என்று துளைக்குள் சொன்னாள். கீழே கிடந்த அடைப்பானை எடுத்தாள். முந்தானைத் துண்டால் துடைத்தாள். சொருகவில்லை, மடியில் கட்டிக்கொண்டாள்.

இசோ முன்னால் இறங்கினாள். கூப்பிட வந்தவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை என்பது செங்கல் வளைவைத் தாண்டிய பிறகுதான் மிசாவோவுக்கு உறைத்தது. அம்மா என்ன கேட்டாள் என்று விசாரிக்க நாக்கு துடித்தது. அம்மாவின் முதுகைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் சுயே தலைமாட்டுச் சோறு தயாராக வைத்திருந்தாள். செத்தவருடைய சொந்தக் கிண்ணத்தில் கூம்பாகக் குவித்து, நடுவில் சாப்பாட்டுக் குச்சிகளை நிறுத்தி.

“இன்னொண்ணு வை,” என்றாள் இசோ.

“என்னடி இது, ஒரு சாவுக்கு ஒரு கிண்ணம்தான். ரெண்டு வச்சா இன்னொரு சாவு வந்துடும்.”

“வை சுயே,” என்றார் கொமோதா. அவர் குரலைக் கேட்டு சுயே மறுபேச்சுப் பேசாமல் எழுந்தாள்.

இசோ அலமாரியின் அடித்தட்டிலிருந்து, ஓரம் உடைந்த நீலக் கிண்ணம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அப்படி ஒரு கிண்ணம் வீட்டில் இருப்பதே மிசாவோவுக்குத் தெரியாது. இரண்டு கிண்ணமும் தலைமாட்டில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தன. ஊதுவத்தியின் புகை நேராக எழுந்தது.

“மிசாவோ,” என்றாள் அம்மா. “அந்த ஜன்னல் பலகையை எடுத்துடு.”

மிசாவோ சுத்தியலை எடுக்க எழுந்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கோ காத்திருக்கும் பார்வை. மிசாவோ நின்றாள்.

“அந்த ஜன்னல் பலகையை எடுத்துடறேன்,” என்றாள்.

அம்மா கண்ணை மூடித் திறந்தாள்.

ஆணிகள் துருவேறி, இழுத்ததும் பொடியாக உதிர்ந்தன. பலகை கையோடு வந்தது. கடைசி வெயிலில் முனை தெரிந்தது, அதன் மேல் அந்த ஒற்றைப் பிளவும். இசோ கையை மடியிலிருந்த அடைப்பானின் மேல் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் பார்த்தாள்.