கவிழ்த்து வைத்த கிளாஸ்

தங்கேஸ்வரி தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாருக்குள் கால் வைத்தது அறுபத்தைந்து வயதில், கனடாவில் மில்லிக்கன் பக்கத்துப் பிளாசா ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். அதுவும் புருஷனுடைய பாண்டின் பாட்டைக் கேட்க. மட்டக்களப்புக் கல்லடியில் அந்த மனிசன் கடற்கரை பாரில் ட்ரம்ஸ் அடித்த காலத்தில் அவள் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுத்ததில்லை. குடும்பப் பொம்பிளை போகிற இடமா அது! பாட்டுச் சத்தம் மட்டும் காற்றோடு வீட்டுக்கு வரும். கடைசிப் பாட்டுக் கேட்டதும்தான் சோற்றைச் சூடாக்குவாள்.

"லைற்ஹவுஸ் போய்ஸ்" என்பது பாண்டின் பெயர். பாட்டுக்கு மாமாங்கம், அக்கோடியனுக்கு றிச்சர்ட், ட்ரம்ஸுக்கு அவள் புருஷன் பூபாலரெத்தினம். மாமாங்கம் இப்போது பிறம்ரனில் இருக்கிறான். வெயார்ஹவுஸ் வேலையில் முதுகு போய் வீட்டில் இருக்கிறவனுக்கு வேறென்ன வேலை? பேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கி, பழைய படங்களை ஏற்றத் தொடங்கிவிட்டான். உலகத்தில் எங்கெங்கோ கிடக்கிற மட்டக்களப்புக் கிழவன்களெல்லாம் அதில் வந்து விழுந்தார்கள். சனிக்கிழமை என்றால் நிற்கக்கூட இடம் கிடைக்காது என்று ஒருவன். கரண்ட் போனாலும் றிச்சர்ட்டின் அக்கோடியன் நிற்காது என்று இன்னொருவன். கடைசிப் பாட்டுக்கு பூபாலண்ணன் கட்டையைத் தட்டினால் கடலில் நிற்கிற தோணிக்காரனும் கரைக்கு வருவான் என்று மூன்றாமவன். மகன் சஞ்சீவன் வாசித்துக் காட்டுவான். தங்கேஸ்வரிக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

"அதுக்கு லைக்கப் போடு மனே," என்பாள்.

பூபாலரெத்தினமும் வீட்டுக்கு வந்ததும் பார் கதைகளைத்தான் சொல்வான். சாராய வாசத்தோடு சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வான். பாண்டில் ஆளுக்கொரு கிளாஸ். அதை ஸ்பீக்கர் பெட்டிக்கு மேலே வரிசையாக வைத்திருப்பார்கள். ஒருவன் காய்ச்சலில் படுத்திருந்தாலும் அவனுடைய கிளாஸ் நிமிர்ந்தபடி அவனுக்காகக் காத்திருக்கும். முந்தி அவர்களோடு வாசித்த கிழட்டு ட்ரம்பெட்காரர் அந்தோனிப்பிள்ளை செத்த கிழமை அவருடைய கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசித்தார்களாம். "செத்தவன்ட கிளாசுக்க ஆரும் ஊத்தப்படா. அதான் கவிழ்க்கிற," என்றான். "நாசமாப் போன குடிகாரனுகளுக்கு ஒரு சாத்திரம் வேற!" என்று அவள் ஏசினாள். அவன் சிரித்தான். சிரித்தால் அவனுக்கு ஒரு கண் மூடிக்கொள்ளும்.

தொண்ணூறாம் ஆண்டு, பாரில் வாசித்துவிட்டு வரும் வழியில் பூபாலரெத்தினத்தையும் றிச்சர்ட்டையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்தது யாரென்று இன்றைக்கும் நாலு பேர் நாலு கதை சொல்வார்கள். விடிந்ததும் றிச்சர்ட் மட்டும் வந்தான், பறங்கிப் பெயர் காப்பாற்றியது என்றான். "பூபால வேற வாகனத்தில ஏத்தினானுகள் அக்கா. கட்டாயம் விட்டிருவானுகள்," என்று கையைப் பிடித்துச் சொன்னான். அப்போது சஞ்சீவனுக்கு ஐந்து வயது. சுகந்தினி மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கேஸ்வரி போகாத முகாம் இல்லை, விழாத கால் இல்லை. பிறகு களைத்துப்போய் வீட்டிலேயே இருந்தாள். தமையன் கனடாவிலிருந்து எத்தனை தரம் கூப்பிட்டான்! சஞ்சீவனை மட்டும் அனுப்பினாள். சென் ஜேம்ஸ் ரவுணில் மாமன் வீட்டு ஹோலில் படுத்து வளர்ந்தான் அவன். "அந்த மனிசன் திரும்பி வந்தா இந்த வீட்டத்தானே தேடி வருவாரு? பூட்டிக் கிடந்தா எங்க போவாரு?" என்பாள். கடற்கரையிலிருந்து இரண்டாவது வீடு அது. சுனாமி வந்த காலையில் அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். சுகந்தினி வீட்டில் இருந்தாள், வயது பதினான்கு.

அதற்குப் பிறகுதான் கனடா வந்தாள். மகளின் படத்துக்கு மாலை உண்டு. புருஷனின் படத்துக்கு இல்லை. நெற்றியில் குங்குமம் இன்றுவரை இருக்கிறது. நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் வாழ்த்தோடு மெல்பேர்னிலிருந்து றிச்சர்ட் போன் எடுப்பான். "பூபால் வருவான் அக்கா. கடைசிப் பாட்டு வாசிக்காம அவன் எங்க போவான்?" அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு வருஷம் ஓட்டுவாள்.

பேஸ்புக் கதைகள் கூடிப்போய் மாமாங்கம் பாண்டைத் திரும்பக் கூட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை, பாருக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேடை ஓரத்து மேசையில் பூபாலரெத்தினத்தின் படம். படத்துக்குப் பிளாஸ்ரிக் மாலை, முன்னால் பற்றரியில் எரியும் விளக்கு. பின்னால் பெரிய ரீவியில் "அமரர் பூபாலரெத்தினம் நினைவு மாலை" என்று கொட்டை எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமாங்கம்! இஞ்ச வாடா!"

பியர் வாங்க நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. மாமாங்கம் மைக்கை வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"ஆரக் கேட்டு என்ட புருசனுக்கு மாலை போட்டாய்? நீ கண்டியா? நீ தூக்கிப் புதைச்சியா?"

"ஐயோ அக்கா, கோவிக்காதீங்க. படம் எண்டா மாலை போடுறதுதானே, அந்தப் பழக்கத்தில..."

"உன்ட பழக்கத்தில தீய வைக்க! கழட்டுடா!"

மாமாங்கம் தானே மாலையைக் கழற்றி மேசைக்குக் கீழே வைத்தான். விளக்கை அணைத்தான். ரீவியையும் நிறுத்தச் சொன்னான். போதாததற்கு மைக்கில், "பூபாலண்ணன் வருவாரு, எங்களோட வாசிப்பாரு," என்றும் அறிவித்தான். சனம் கைதட்டியது. ஸ்பீக்கர் பெட்டிக்கு மேலே மூன்று கிளாஸ்களை வரிசையாக வைத்து, நடுக் கிளாஸைத் தொட்டு, "அக்கா, இது அவர்ட. பாருங்க, நிமிந்துதான் இரிக்கி," என்றான்.

அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது. சஞ்சீவன் ஒரு கோக் வாங்கிக் கொடுத்தான். எல்லாவற்றையும் பார்த்தபடி அக்கோடியனை மாட்டிக்கொண்டு மூலையில் நின்ற றிச்சர்ட்டுக்கு முடியெல்லாம் நரைத்திருந்தது. இதற்கென்றே மெல்பேர்னிலிருந்து வந்திருந்தான். வந்தவன் அவளுக்கு முன்னால் வந்து ஒரு சொல் பேசவில்லையே என்று அவளுக்குக் குறையாக இருந்தது. குடித்திருக்கிறான், வெட்கமாக்கும் என்று நினைத்தாள்.

பாட்டுத் தொடங்கியது. ட்ரம்ஸுக்கு ஆளில்லை, மெஷின்தான் அடித்தது. மாமாங்கத்தின் குரல் பாதியில் உடைந்தாலும் சனம் விடவில்லை, கூடவே பாடியது. கிழவன்கள் கதிரையைத் தள்ளிவிட்டு ஆடினார்கள். ஒருவன் கண்ணீரோடு ஆடினான். "இப்பிடியா இருந்திச்சு!" என்று தங்கேஸ்வரிக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷத்தையா அந்த மனிசன் தினமும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்? ஒரு நாளாவது வந்து வாசலில் நின்று பார்த்திருக்கலாமே என்று அழுகை வந்தது.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க இருந்த இடைவெளியில் றிச்சர்ட் தன் கிளாஸை எடுக்கப் போனான். ஒரு மிடறு குடித்தான். பக்கத்தில் வெறுமனே நின்ற கிளாஸைப் பார்த்தான். யாரோ ஒருவன் கையில் போத்தலோடு மேடைக்கு வந்து, "பூபாலண்ணனுக்கும் ஒண்டு ஊத்துவம்!" என்று அந்தக் கிளாஸுக்கு மேலே போத்தலைச் சரித்தான். றிச்சர்ட்டின் கை தன்பாட்டில் நீண்டது. கிளாஸை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

வைத்த பிறகுதான் அவனுக்கே விளங்கியது. தலையைத் திருப்பித் தங்கேஸ்வரியைப் பார்த்தான்.

அவள் எழுந்து நடந்தாள். சஞ்சீவன் "அம்மா" என்று கையைப் பிடித்தான். அவள் உதறினாள். மேடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"றிச்சர்ட். நீ கண்டியா?"

அக்கோடியன் அவன் மூச்சோடு சேர்ந்து ஒரு முனகல் முனகியது.

"உன்னத்தான் கேக்கிறன். கண்டியா?"

"கண்டனான் அக்கா."

"எப்ப?"

"அண்டைக்கே. விடியக்காலம். எனக்கு முன்னாலதான்..."

"என்ன சேட் போட்டிருந்தாரு?"

"நீலம். கட்டம் போட்டது."

அவள் தலையை ஆட்டினாள். அந்தச் சேட்டை அவள்தான் அன்றைக்கு சூட்டுப் பெட்டியால் மினுக்கிக் கொடுத்தாள். வேறொருவரை மாறிப் பார்த்திருப்பான் என்று பிடித்துக்கொள்ள இனி ஒன்றும் இல்லை.

"கைப்பிள்ளையோட நிண்டீங்க அக்கா," றிச்சர்ட் அழுதான். "எப்பிடிச் சொல்ற? இண்டைக்கு வேணாம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன். நாளைக்கு, நாளைக்கு எண்டு... பிறகு சுனாமியும் வந்திச்சு. அதுக்குப் பிறகு நான் எந்த வாயால அக்கா சொல்ற?"

"ஓம். அதுக்குப் பிறகு ஏலாதுதான்." அவள் குரல் உயரவில்லை. "அண்டைக்கே சொல்லியிருந்தா ஒரு மாசம் அழுதிருப்பன். அவருக்குச் சடங்கு, செலவெல்லாம் செய்திருப்பன். புள்ளைகள் ரெண்டையும் தூக்கிக்கொண்டு அண்ணனிட்ட வந்திருப்பன். சுகந்தினிக்கு இப்ப முப்பத்தஞ்சு வயசுடா."

மாமாங்கம் தலையில் கையை வைத்துக்கொண்டு மேடையிலேயே குந்திவிட்டான். எந்தப் பாவத்துக்கு இந்தப் பக்கத்தைத் தொடங்கினோம் என்று இருந்திருக்கும் அவனுக்கு.

தங்கேஸ்வரி மேசைக்குக் கீழே குனிந்தாள். முழங்கால் மடங்கவில்லை. சஞ்சீவன் வந்து பிடித்தான். பிளாஸ்ரிக் மாலையை எடுத்து, ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்து, படத்துக்குப் போட்டாள். ஒரு பக்கம் சரிந்திருந்ததைச் சரியாக்கினாள். படத்திலும் அந்த மனிசன் ஒரு கண்ணை மூடித்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாமாங்கம், அந்த ரீவியப் போடு. எழுதினது சரிதான்."

படத்தை மாலையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சஞ்சீவன் காரைச் சூடாக்கினான். ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, காரை எடுக்காமல், நெடுநேரம் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தான். அப்பா போனதற்கும் தங்கச்சி போனதற்கும் நடுவில், மாமன் வீட்டு ஹோலில் அம்மா இல்லாமல் கிடந்த வருஷங்களை அவனும் எண்ணிப் பார்த்திருப்பான்.

"மனே."

"என்னம்மா?"

"வீட்டில சுகந்திட படத்துக்குப் பக்கத்தில ஒரு ஆணி அடிக்கணும்."

"ஓம் அம்மா."

"இனி நத்தாருக்குப் போன் வந்தா எடுக்காத," என்றாள் தங்கேஸ்வரி.