நரசிம்மலு கேட்ட வெள்ளைச் சுவர்

யாராவது ஒன்றை இரண்டு தடவை கேட்டால், அதில் அவருக்கு என்ன ஆதாயம் என்று பார்ப்பவன் நான். திருமூர்த்திக் கவுண்டர் சந்தேகப் பிராணி என்று உப்பிலிபாளையத்தில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். ஏமாந்தவர்களெல்லாம் நல்ல பெயர் வாங்கியவர்கள்தான்.

என் வீட்டின் ஒரு பாதியில் குடியிருந்த நரசிம்மலு, முன்னறையில் போட்டோ பிடித்துக்கொண்டிருந்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வந்து நின்றான்.

"ஏனுங்க, அந்த அறைக்கு மட்டும் நல்ல வெள்ளையா அடிச்சுக் குடுங்க."

மறுநாளும் வந்து அதையே கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. இவன் வெள்ளைச் சுவருக்கு ஏன் இப்படித் தவிக்கிறான்? பக்கத்தில் ஒரு இருட்டறை வேறு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சிவப்பு விளக்கு எரிக்கிறான். கள்ள நோட்டு அடிக்கிறானோ என்னவோ! வெள்ளை இல்லாமல் என்ன செய்கிறான் பார்ப்போம் என்று, அறை முழுக்கக் காவி அடிக்கச் சொன்னேன்.

"படம் கெட்டுப்போயிடுமுங்க" என்று கெஞ்சினான். என் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

தை பிறந்ததும் என் மகள் பழனாத்தாளுக்கு வரன் வந்தது. தாராபுரம் வெள்ளியங்கிரிக் கவுண்டரின் மகன், பம்பாயில் உத்தியோகம். பையனுக்கு அனுப்பப் படம் கேட்டார்கள். முன்பு வந்த இரண்டு இடங்களை நான்தான் துருவித் துருவி விசாரித்துக் கெடுத்திருந்தேன். இந்த இடத்தில் அவளுக்கே விருப்பம் என்று அவள் தாய் சொன்னாள். இதையும் விட்டுவிடக் கூடாது என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

"சுவரு இப்படி இருக்கறப்ப வேண்டாமுங்க" என்றான் நரசிம்மலு. வீட்டுக்காரனுக்குச் சும்மா எடுத்துக் கொடுக்க மனசில்லை என்று நினைத்து, ஒரு அதட்டல் போட்டு எடுக்க வைத்தேன்.

பிள்ளை வீட்டு ஆள் நஞ்சப்பன், பெண்ணை ஏறிட்டுப் பார்ப்பது முறையல்ல என்று வாசலிலேயே நின்றார். ஆனால் படத்தை எங்கள் கையில் பட விடாமல், நரசிம்மலுவிடமிருந்தே உறையோடு நேரே வாங்கிப் போனார். நாங்கள் மாற்றிவிடுவோமாம்! எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. 'பெண்ணின் இடது கன்னம் கறுத்திருக்கிறதே, மங்கு விழுந்ததா, தீப்புண்ணா?'

நேரே நரசிம்மலுவிடம் போனேன். "எந்தப் பங்காளிகிட்டடா காசு வாங்குன?"

அவன் கோபப்படவில்லை. "ஒரு கன்னத்துக்குச் சன்னல் வெளிச்சமுங்க. மறு கன்னத்துக்குச் சுவருதான் வெளிச்சத்தைத் திருப்பிக் குடுக்கோணும். நான் படம் புடிக்கற கண்ணாடித் தகட்டுக்குச் சிவப்பு நெறமே தெரியாதுங்க. அதனாலதான் இருட்டறையில சிவப்பு விளக்கு. காவிச் சுவரும் கரிச் சுவரும் அதுக்கு ஒண்ணுதானுங்க."

நான் நம்பவில்லை. என் வேட்டி ஒன்றை எடுத்து வந்து காவிச் சுவரில் கட்டினேன். பழனாத்தாளை அதே இடத்தில் உட்காரவைத்து மறுபடி எடுக்கச் சொன்னேன். படத்தில் இரண்டு கன்னமும் பளிச்சென்று இருந்தன. அவளுடைய முகம் அவ்வளவு அழகு என்று அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் படத்தை அனுப்பி, நடந்ததை எழுதி, நேரில் வந்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். அதற்குப் பதில் வந்தது. எனக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது, பழனாத்தாள்தான் படித்தாள்.

'எங்கள் ஆள் கையோடு வாங்கி வந்தது ஒரு படம். நீங்களே எடுத்து அனுப்பியது ஒரு படம். எதை நம்புவது? வந்து பாருங்கள் என்று இரண்டு தடவை எழுதுகிறீர்கள். அதுவே எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது. நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்.'

கடிதத்தை மடித்து என் மடியில் வைத்தாள்.

"அவிக மேல தப்பில்லீங்கப்பா" என்றாள். "நீங்களா இருந்தாலும் இதையேதான எழுதியிருப்பீங்க?"

ஆமாம், எழுதியிருப்பேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் சுண்ணாம்பைக் கரைத்து, அன்று சாயங்காலத்துக்குள் அந்த அறைக்கு நானே வெள்ளையடித்து முடித்தேன்.