தங்கத்துக்குச் சொன்ன சைக்கிள்

"1946 பிப்ரவரி 9, சனி. இன்று ஒரு தவறு செய்தேன். காலையில் பால் ஊற்றும்போது ஆறாம் கட்டிலுக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டேன். அந்தக் கட்டில் காலி. பாலைப் பக்கத்துக் கட்டில் ஜவஹர் குடித்தான். பிள்ளைகள் வார்டுக்கு நான் லாயக்கில்லையோ? திங்களன்று மேட்ரனிடம் வேறு வார்டு கேட்க வேண்டும்."

லூயிசா பேனாவை மூடுவதற்குள், கூடவே பயிற்சி முடித்த கிளாடிஸ் விடுதி அறைக்குள் வந்துவிட்டாள்.

"தங்கத்துக்கு என்னடி சொல்லியிருந்தே?"

மயிலாப்பூரின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குள் ஒரு வழக்கம். பிள்ளை போய்விட்டாலும் அதற்குச் சொன்ன சொல் போகாது. சொன்னவள் செய்தே ஆக வேண்டும், மற்றவர்கள் கூட நிற்க வேண்டும். போன வருஷம் சூடாமணி ஒரு பையனுக்குச் சொன்னபடி ஆஸ்பத்திரி வாசலில் நின்று சேவல் மாதிரிக் கூவினாள். அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மறுநாள் டூட்டிக்கு வந்தாள்.

ஆறாம் கட்டிலில் இருந்த ஏழு வயசுத் தங்கம் நிமோனியாவில் போனது போன வாரம். லூயிசா இன்னும் வாய் திறக்கவில்லை.

"சைக்கிள்," என்றாள் இப்போது. "ஜன்னலுக்குக் கீழே சைக்கிள் விட்டு மணியடிக்கிறேன்னேன்."

"உனக்கு விடத் தெரியுமா?"

"தெரியாது."

"அடிப் பாவி!" கிளாடிஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கிளம்பு."

லஸ் முனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ஷரஃபுதீன் பாய் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "லேடீஸ் வண்டி ஒண்ணுதான் கீது. ஒடிச்சிக்கினு வராதீங்கம்மா."

நர்ஸ் பயிற்சி வகுப்பில் எதையும் வரிசையாக எழுதிப் பழகிய லூயிசா, சைக்கிள் விடும் முறையையும் வழியிலேயே காகிதத்தில் எழுதிக்கொண்டாள். முதலில் இடது கால், பிறகு நேர்ப்பார்வை. நிறுத்துவது எப்படி என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டாள்.

வார்டு ஜன்னலில் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். கிளாடிஸ் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், பிறகு விட்டுவிட்டாள். லூயிசா போனாள்! கோணல்மாணலாக, ஆனால் போனாள். ஜன்னலுக்கு நேரே வந்ததும் மணியை அடித்தாள். 'தங்கம், கேக்குதா?' என்று உதடு அசைந்தது. கண் கலங்கியது. எதிரே கொடியில் காய்ந்த போர்வைகள் தெரியவில்லை.

போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளைப் பார்த்து வார்டே கூச்சல் போட்டது. ஜன்னலோரக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு கிடந்த ஜவஹர் கத்தினான்: "இன்னாக்கா, பிரேக் இல்லியா?"

லூயிசாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போன வாரத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

"அக்கா, நான் ஊட்டுக்குப் போசொல்ல என்னைப் பின்னால ஒக்கார வச்சி இட்டுக்கினு போவியா?" என்றான் ஜவஹர்.

இனி எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுப்பதில்லை என்றுதான் இருந்தாள். கிளாடிஸ் அவள் முகத்தையே பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போறேன்டா," என்றாள் லூயிசா, தலையில் போர்வையோடு.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் டைரியைத் திறந்து, மேட்ரனைப் பற்றிய வரியை அடித்தாள். கீழே எழுதினாள்:

"நாளை ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்ததும் பாயிடம் சைக்கிள் எடுக்க வேண்டும். கேரியரில் கிளாடிஸை ஏற்றிப் பழக வேண்டும். முதலில் பிரேக்."