வாயில் கொழுவாத மீன்

1937ஆம் ஆண்டு ஜூன் மாதம் இரண்டாம் கிழமை, வெள்ளவத்தையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஸாலிஹின் வீட்டுக் கிணற்றில் ஒரு ட்றவுட் மீன் வந்து குடியேறியது. அந்தக் கிழமை தேங்காய் மூன்று சதம் விற்றது, மழை குறைவு. ட்றவுட் என்பது வெள்ளைக்காரர் கப்பலில் முட்டையாகக் கொண்டுவந்து மலையாறுகளில் விட்ட மீன். குளிர்நீரை விட்டு இறக்கினால் ஒரு பகல் தாங்காது. வெள்ளவத்தைக் கிணறுகளோ கடலை அடுத்து, இளஞ்சூடும் உவர்ப்புமாக இருப்பவை. ஆகவே மீன் வந்த அன்றே கிணறு அதற்கேற்ப மாறிக்கொண்டது. தண்ணீர் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்தது, உவர்ப்பு நீங்கியது, வெயில் ஏறிய பிறகும் கிணற்றுக்குள் வெண்மூட்டம் நின்றது. மதிலுக்கு அப்பாலிருந்த பக்கத்து வீட்டுக் கிணறு முன்போலவே உவர்த்தது. ஸாலிஹின் மனைவி பைறோஸா முதல்நாள் அந்தத் தண்ணீரில் குளித்து உதடு நீலம் பாரித்து வந்தாள். இரண்டாம் நாள் அதிலேயே சர்பத் கரைத்தாள். ஐஸ் வாங்கும் செலவு மிச்சம் என்றாள். மீனைப் பற்றி அவளுக்கு வேறு அபிப்பிராயம் இருக்கவில்லை.

அபிப்பிராயம் இருந்தது தூண்டில்காரர்களுக்கு. வெள்ளைக்காரரின் மீன்பிடிச் சங்கத்தில் இடம் கிடைக்காத கொழும்பு உத்தியோகத்தர், வியாபாரிகள் சிலர் கூடித் தமக்கென ஒரு சிறிய தூண்டில் சங்கம் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்ற பயத்தில், அவர்களுடைய சட்டங்களைவிட ஒரு பிடி கூடுதலான சட்டங்களை இயற்றியிருந்தார்கள். இறகையும் பட்டுநூலையும் கொழுக்கியில் சுற்றிச் செய்த போலி ஈயால் மட்டுமே பிடிக்கலாம். மண்புழு போட்டவன் அந்த இடத்திலேயே நீக்கப்படுவான். வலை, வாளி என்ற சொற்களைக் கூட்டத்தில் உச்சரிப்பதே அநாகரிகம். கொழுக்கி மீனின் வாயில் ஏறியிருக்க வேண்டும். முதுகிலோ செட்டையிலோ தைத்திருந்தால் மீன் தானாக விரும்பிக் கடிக்கவில்லை என்று பொருள், அதை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்றாலும் விட வேண்டும் என்று தனியாக ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவர் சங்கத்தின் செயலாளர், கொட்டாஞ்சேனையில் குடியிருந்து புதுக்கடை நீதிமன்றங்களில் பிறக்கிராசியாக, அதாவது வழக்கறிஞராக, தொழில் பார்த்த நாகேந்திரம். ஒரு கையெழுத்தைக் காட்டினால், அது யாருடையது அல்ல என்று முதலில் யோசிப்பவர். மூக்குத்தூள் டப்பா இல்லாமல் அவரைக் கண்டவர் இல்லை. ஸாலிஹும் அவரும் பல வருடங்களாக ஒரே ரயில் பெட்டியில் மலைக்குப் போய் வந்த சிநேகிதர்கள். ஸாலிஹை அவர் நானா, அதாவது அண்ணன், என்றுதான் அழைப்பார்.

அந்த வருடம் ஈஸ்டர் விடுமுறையில் எல்லோரும் பட்டிப்பொலைக்கு மேலே உள்ள ஆற்றுக்குப் போயிருந்தார்கள். ஸாலிஹ் தனியாக ஆற்று வளைவைத் தாண்டிப் போனார். பொழுதுபடும் நேரம் சட்டை முழங்கைவரை நனைந்து, வெறுங்கையோடு, சிரித்த முகமாகத் திரும்பினார்.

"நல்ல சாமான் ஒண்டு, பிறக்கிராசியார். முழங்கை நீளம் ஈக்கும். ஆனா முதுகுச் செட்டைக்குப் பின்னால தைச்சீந்திச்சி. கழட்டினா சதை கிழியும் எண்டு நூல வெட்டி உட்டுட்டன். என்ட மஞ்சள் ஈயும் அதோடயே பெய்த்து."

"ஆர் கண்டது?" என்றார் நாகேந்திரம்.

"ஆரு காண? நானும் மீனும்தான்."

"மீனைச் சாட்சிக் கூண்டிலை ஏத்தேலாது, நானா."

எல்லோரும் சிரித்தார்கள். பொய்யன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இறங்கும் ரயிலில் தேநீர் ஊற்றும்போதும், வாழைப்பழத்தை உரிக்கும்போதும், இது முழங்கை நீளம் என்றும், இல்லை, இதை ஆர் கண்டது என்றும் பேச்சு ஓடியது. கோட்டைப் புகையிரத நிலையம் வரும்போது ஸாலிஹ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின் வந்த ஒவ்வொரு கூட்டத்திலும் யார் எதைச் சொன்னாலும் "ஆர் கண்டது?" என்பது வழக்கமாயிற்று. ஜூனில் மீன் கிணற்றுக்கு வந்தது. ஸாலிஹ் சங்கத்தாரை அழைத்து, இதுதான் அந்த மீன், முதுகுச் செட்டைக்குப் பின்னால் தழும்பு இருக்கும், பாருங்கள் என்றார்.

அதனால் நிலைமை மோசமாயிற்று. ஆற்று மீனை உயிரோடு தூக்கிக்கொண்டு போவது மண்புழுவைவிடப் பெரிய குற்றம். முன்பு அவர் சொன்னது பொய்யாக மட்டுமே இருக்க முடிந்தது; இப்போது அது உண்மையென்றால் அவர் திருடனாகவும் இருக்க வேண்டும் என்று நாகேந்திரம் வாதித்தார். மீன் எப்படி வந்தது என்று ஸாலிஹைக் கேட்டபோது, வந்திச்சி என்றார். நாகேந்திரம் ஐஸ் வியாபாரிகளை விசாரித்தார். ரயில் கார்ட்டுகளைத் தேநீருக்கு அழைத்தார். பீப்பாய் ஏதும் இறங்கியதா என்று வெள்ளவத்தை நிலையத்தில் சிங்களத்தில் கேட்டார். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. ஒன்றுமே கிடைக்காததுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடச் சந்தேகமாக இருந்தது. திருட்டை நிரூபிக்க வழியில்லாததால், பொய் சொன்னதற்காக ஸாலிஹை நீக்க வேண்டும் என்று ஆகஸ்ட் மாத ஆண்டுக் கூட்டத்துக்குப் பிரேரணை கொடுத்தார். தழும்பை யாராவது கண்டால் பிரேரணை விழும். காணாவிட்டால் ஸாலிஹ் விழுவார்.

சந்தேகம் சங்கத்தோடு நிற்கவில்லை. ஸாலிஹ் தன் கடையில் கண் பார்த்து இலக்கம் சொல்வார். அந்த இலக்கத்தை நம்பித்தான் ஆட்கள் கண்ணாடி போட்டார்கள். இப்படி ஒரு மீனைச் சொன்ன மனிசன் என் கண்ணுக்கு என்ன இலக்கம் சொன்னானோ என்று ஒருவர் நினைத்தார். நினைத்த மறுநாளே அவருக்கு எழுத்து மங்கியது. அவரைப் பார்த்து மற்றவர்களுக்கும் மங்கியது. பாமன்கடையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் கண்ணாடிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் தடவித் தடவிப் படியிறங்கிப் போனார்கள். ஜூலை முடியும்போது கடையில் விற்றதைவிடத் திரும்பி வந்தது கூடுதல். கடன் வாங்கிக் கடையை நடத்தும் நிலை வந்தது.

தழும்பைப் பார்ப்பது எளிதான காரியமாக இருக்கவில்லை. மூட்டத்துக்குக் கீழே ஒரு வெள்ளிப் பளிச்சு திரும்பும், அவ்வளவுதான். அடுப்படி ஜன்னலின் திரைக்குப் பின்னாலிருந்து பைறோஸா சொன்னாள்:

"வாளியால அள்ளிப் பாத்தா முடியிற வேல. எதுக்கு இந்தப் பாடு?"

ஸாலிஹும் நாகேந்திரமும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். அந்த வருடம் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்துப்பட்டியும் தொப்பியும் அணிந்த கனவான்கள் கிணற்றைச் சுற்றி முறைவைத்து நின்று, ஆற்றில் வீசுவதுபோல ஈயை வீசினார்கள். ஈக்கள் துணிக்கொடியிலும் முருங்கை மரத்திலும் ஒருமுறை சங்கத் தலைவர் றேமண்டின் காதிலும் தைத்தன. காதில் தைத்தது கணக்கில் வராது, விட்டுவிடுங்கள் என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. மீன் மேலே வரவேயில்லை.

ஆடிவேல் அன்று கதிர்காமக் கடவுளின் தேர் காலி வீதியால் வந்தது. வெள்ளவத்தை முழுவதும் தெருவில் நின்றது. ஸாலிஹ் குடும்பத்தோடு கடை வாசலுக்குப் போயிருந்தார். நாகேந்திரம் தேருக்கு முன்னால் கும்பிட்டு, கரும்பு வாங்கி, கூட்டத்தில் நழுவி, பின் ஒழுங்கையால் கிணற்றடிக்கு வந்தார். தழும்பு இல்லை என்று தன் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். மஞ்சள் ஈ, சிவப்பு ஈ, கறுப்பு ஈ மூன்றையும் போட்டார். பிறகு சுற்றிலும் பார்த்தார். பிறகு மூக்குத்தூள் டப்பாவைத் திறந்தார். அதில் அன்று மூக்குத்தூள் இருக்கவில்லை. ஈரமண்ணும் ஒரு மண்புழுவும் இருந்தன. வரும்போதே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

மீன் உடனே கடித்தது. கைநூலைச் சுற்றி இழுத்துக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தார். முழங்கை நீளம். முதுகுச் செட்டைக்குப் பின்னால் ஆறிய தழும்பு, தழும்புக்குள் ஸாலிஹ் கட்டிய மஞ்சள் ஈ, இறகு சற்று வெளிறி. வாயில் நாகேந்திரத்தின் கொழுக்கி, சட்டப்படி ஏற வேண்டிய இடத்தில் சரியாக. வலது கையால் மீனைப் பிடித்து, கொழுக்கியைக் கழற்றி, தண்ணீரில் விட்டார். தெருவில் அரோகரா என்று கேட்டது. யாரும் காணவில்லை. கை விறைத்துப்போயிருந்தது. கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சுடுதண்ணீரில் வைத்தார். சுடுதண்ணீர் ஆறியது, கை ஆறவில்லை.

அந்தக் கை அதன் பிறகு சூடேறவேயில்லை. கட்சிக்காரர்கள் கைகொடுத்துவிட்டு விரலை ஊதிக்கொண்டார்கள். அவர் பிடித்த பத்திரங்கள் பனித்தன. புதுக்கடையில் ஆட்கள் அவர் போனபின் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். கொழும்பில் அந்தக் குளிர் இருக்கும் இடம் ஒன்றுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். பேசாமல் இருந்தால் ஸாலிஹ் நீங்குவார், கடை மூடும். பேசினால் எந்த ஈயால் பிடித்தாய் என்ற கேள்வி வரும். அவர் கையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மூன்று கிழமை நடந்தார்.

ஆண்டுக் கூட்டம் தெஹிவளையில் றேமண்டின் வீட்டில் நடந்தது. பிரேரணையை வாசிக்க எழுந்த நாகேந்திரம், அதை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார்.

"தழும்பு இருக்கு. நானா சொன்ன இடத்திலை, நானா சொன்ன ஈயோடை. நான் கண்டனான்."

"நீங்க கண்டத யாரு கண்டது, மிஸ்டர் செக்ரட்டரி?" என்றார் றேமண்ட். சிரிப்பு எழுந்தது.

நாகேந்திரம் பையிலிருந்து கையை எடுத்து மேசையிலிருந்த தண்ணீர்க் கிளாஸைப் பிடித்தார். கிளாஸ் வேர்த்தது, வெளுத்தது, பிறகு தண்ணீர் கட்டியாயிற்று. சிரிப்பு நின்றது. தூண்டில்காரர் யாரும் முதலில் கேட்கும் கேள்வியை றேமண்ட் கேட்டார்.

"எந்த ஈ?"

மஞ்சள் ஈ என்று சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். நாகேந்திரம் எதிரே இருந்த ஸாலிஹைப் பார்த்தார். ஸாலிஹ் தலையைக் குனிந்துகொண்டார், வேண்டாம் என்பதுபோல.

"மண்புழு," என்றார் நாகேந்திரம்.

அவரை நீக்கும் பிரேரணைக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. கடைசியாக உயர்ந்தது ஸாலிஹின் கை.

"புழு புழுதானே, பிறக்கிராசியார். என்ன செய்ய?"

"ஓம் நானா. நான் எழுதின சட்டம்தானே."

இருவரும் ஒன்றாகத் தெஹிவளை நிலையத்துக்கு நடந்து, கடலோர ரயிலில் ஒரே பெட்டியில் ஏறினார்கள்.

அடுத்த கிழமையே பாமன்கடை ஆட்களுக்கு எழுத்துத் தெளிந்தது; கண்ணாடிகளை வந்து எடுத்துப் போனார்கள். இருவரும் சேர்ந்து செய்த சூழ்ச்சி என்று சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்கள் கடைசிவரை அப்படியே சொன்னார்கள். உலகச் சண்டை வந்தது, ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம் வெள்ளவத்தை பாதி காலியானது, மீன் போகவில்லை. ஐஸ் கிடைக்காத அந்தக் காலத்தில் புதுக்கடை எழுதுவினைஞர்கள் மத்தியான இடைவேளையில் வரிசையாக வந்து, சோடாப் போத்தலை நாகேந்திரத்தின் கையில் கொடுத்து வாங்கிப் போனார்கள். அதற்கு அவர் ஒன்றும் அறவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் இல்லாமல் ஸாலிஹின் கிணற்றடிக்கு வந்து உட்கார்ந்திருப்பார். வந்தவுடன் அடுப்படி ஜன்னலண்டை போய், மூக்குத்தூள் டப்பாவைத் திறந்து உள்ளே நீட்டுவார். பைறோஸா விரலால் கிண்டிப் பார்த்து, ஒருமுறை தும்மி, மூடிக் கொடுத்த பிறகுதான் சர்பத் வெளியே வரும்.