கையை வைத்துக்கொண்டு சும்மா இருத்தல்

1

இந்தக் கதை ஒரு பெரிய சிந்தனையில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. நடந்தது வேறு. தில்லித் தமிழர் மலருக்குக் கதை கேட்டிருந்தார்கள், எழுத ஒன்றும் அகப்படவில்லை. எதிரே என் கணவர் ஏகாம்பரம் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரி, இவரையே எழுதிவிடுவோம் என்று ஆரம்பித்தேன். நாளைக்கு அவருக்கு ரிசல்ட்.

தொழிற்சாலை டெக்னீஷியன்களுக்கென்றே சனி, ஞாயிறில் நடத்தும் மேனேஜ்மென்ட் டிகிரி அது. ஓக்லாவில் ஃபேன் செய்யும் கம்பெனியில் இவர் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். பாஸானால் அந்தப் பிரிவுக்கே மேனேஜர். இல்லாவிட்டால் அந்த நாற்காலிக்கு வெளியிலிருந்து யாரோ வருவார், இவர் ரிடையர் ஆகும்வரை ஃபோர்மேன்தான்.

2

முதல் வரி இப்படி:

"ஆலையின் சங்கு ஊதியபோது ஏகாம்பரத்தின் கண்களில் ஒரு—"

"எங்க கம்பெனியில ஏது சங்கு? பெல்லுதான்," என்றது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "கண்ணுல என்ன இருக்கும்? தூக்கம் இருக்கும்."

அடித்தேன். அடுத்தது:

"வியர்வை வழியும் அந்த உழைப்பாளியின்—"

"இந்தக் குளிர்ல தில்லியில எவனுக்கு வேர்க்குது?"

(எழுதுகிறவர்களுக்கு என் ஒரே அறிவுரை: கதாபாத்திரத்தோடு குடித்தனம் நடத்தாதீர்கள்.)

3

கதாநாயகன்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேனேஜர் என்றால் அடுத்தவரிடம் வேலை வாங்க வேண்டும். இவருக்கோ கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. கல்யாணத்துக்குப் போன இடத்தில் மைக் செட்டைக் கழற்றுவார். கரோல் பாக்கில் எனக்குப் புடவை எடுக்கப் போய், கடைக்காரரின் ஷட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்ன கலர் எடுத்தேன் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

வகுப்பில் மற்றவர்களும் இதே ரகம்தான். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன். மேலே ஃபேன் கிறீச்சிட்டால் போதும், வாத்தியார் பேசிக்கொண்டிருக்கும்போதே நாலு பேர் பெஞ்சுமேல் ஏறிவிடுவார்களாம். அன்றைய பாடம் அம்போ.

4

போன மாதம், ஜனவரியில், கடைசித் தேர்வு. ஸ்லைடு போட்டுப் பேச வேண்டும். இவருக்கு விழுந்த தலைப்பு, 'வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தல்'.

[இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் இவ்வளவு பொருத்தமாக வைத்திருக்க மாட்டேன்.]

முதல் ஸ்லைடிலேயே ப்ரொஜெக்டர் பொட்டென்று அணைந்தது. மொத்த வகுப்பும் எழுந்தது. தேர்வு நடத்த வந்த அம்மாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இவரையே பார்த்தாள்.

இவர் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"சப் பைட்டியே. எல்லாரும் உக்காருங்க. அருள்மணி, நீ மட்டும் வந்து பாரு."

அருள்மணி எலக்ட்ரீஷியன், இவரோடு படிப்பவன். மூடியைக் கழற்ற ஆரம்பித்தான். திருப்புளி வழுக்கியது. மறுபடி வழுக்கியது. இவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்ததாம். (ஜனவரியில். குறித்துக்கொள்ளுங்கள்.)

"ஜல்தி, பையா!" என்று பின்பெஞ்சு கத்தியது.

"அவன் பாத்துக்குவான்," என்றார் பல்லைக் கடித்தபடி.

அப்போது அருள்மணி ஒரு ஸ்க்ரூவைக் கீழே போட்டான். அது உருண்டு வந்து இவர் ஷூவில் முட்டியது. குனிந்தார், எடுத்தார், அவன் கையில் கொடுத்தார்.

"தேங்க்ஸ்ண்ணே."

ப்ரொஜெக்டர் விளக்கு எரிந்தது. அந்த அம்மாள் ஏதோ எழுதினாள். அவ்வளவுதான் நடந்தது. இந்த மனுஷர் அன்றிலிருந்து என் உயிரை வாங்குகிறார்.

"சுபா, ஸ்க்ரூவை எடுத்துக் குடுத்தது தலையிட்ட கணக்கா, உதவி பண்ண கணக்கா?"

5

முடிவு அ: பாஸ். கண்ணாடி அறை, சுழல் நாற்காலி. வெளியே மிஷின் நின்றுபோகிறது. உள்ளே இவர் தன் கைமேலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

முடிவு ஆ: ஃபெயில். புது மேனேஜர் வருகிறார். இவர் சிரித்த முகத்தோடு மாலை போடுகிறார், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்து—

இதற்குமேல் எழுத மனம் வரவில்லை. விட்டுவிட்டேன். இலக்கியம் கிடக்கட்டும், எனக்கு இவர் பாஸாக வேண்டும்.

முடிவு இ: ரிசல்ட் தள்ளிவைப்பு. இது பித்தலாட்டம், எனக்கே தெரிகிறது.

6

எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

"குடு. ஒழுங்கா நான் முடிச்சுத் தரேன்."

"என்னங்க, மறுபடியுமா?"

நீட்டிய கை பாதியில் நின்றது. பேனாவையே பார்த்தார்.

"அச்சா. நான் தொடல. உனக்கும் முடியலன்னா படிக்கிறவங்ககிட்ட குடுத்துடு. அவங்க முடிப்பாங்க."

"அவங்க ஃபெயில்னு போட்டுட்டா?"

முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சொன்னார்:

"போடட்டும். குடுத்தா குடுத்ததுதான். நடுவுல போயி பிடுங்கக் கூடாது."

சொன்னவர், நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்தாருங்கள் பேனா. எழுதுங்கள். நாங்கள் எட்டிப் பார்க்க மாட்டோம்.