பிரயோசனம்

சவரி செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். உள்ளே அப்பா ராயப்பன் கட்டிலில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காலையில் பங்குச் சாமியார் வந்து, சாகக்கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதலும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பாக்கி இருந்தது காத்திருப்பது ஒன்றுதான். சவரிக்குச் சுட்டுப்போட்டாலும் வராத வேலை அது.

நெல்லித்தோப்பில் இந்த வீட்டுப் படி ஏறி அவனுக்கு வருஷக்கணக்காகிறது. லாஸ்பேட்டையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த சூட்டோடு வந்து, "மனப்பாடமா ஒப்பிக்கிறது ஜெபமாப்பா? அத கிளிகூட சொல்லும்" என்று அப்பாவின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான். தறிச் சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு மில்லிலேயே செபம் சொன்ன மனுஷர் அவர். கத்தவில்லை. "பிரயோசனமில்லாதவனே" என்றார், அவ்வளவுதான். அத்தோடு இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்துபோயிற்று.

"தம்பி, உள்ள வாங்களேன். மாமா என்னமோ சொல்றாரு" என்று அண்ணி கிரேஸ் கூப்பிட்டாள்.

அண்ணன் பெலிக்ஸ் கட்டிலோரம் குனிந்திருந்தான். அப்பாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. முக்காலும் வெறும் காற்று. நடுவில் ஒரு சொல் மட்டும் தெளிந்து வந்தது.

"பிளாட்டுன்னு சொல்றாரு" என்றாள் கிரேஸ்.

மில்லை மூடியபோது கிடைத்ததைப் போட்டு லாஸ்பேட்டையில் அப்பா வாங்கிய ஒரு மனை உண்டு. அது யாருக்கு என்று இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள். பெலிக்ஸ் தேவையே இல்லாமல் போர்வையை இழுத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு சொல் வந்தது. அதை எடுத்துச் சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை. "பிரயோசனம்" என்றார் அப்பா. நிறுத்தி, மூச்சை இழுத்து, மறுபடியும், "பிரயோசனம்."

சவரிக்கு முகம் எரிந்தது. "கேட்டுக்கினியாண்ணே? பிளாட்டு உனக்கு, பட்டம் எனக்கு" என்று வெளியே கிளம்பினான்.

"போடா. எதையும் பாதியில உட்டுட்டுப் போறவன்தான நீ."

"யோவ், இப்ப இன்னாத்துக்குய்யா அது?" என்று புருஷனை அதட்டிவிட்டு, கிரேஸ் சவரியின் கையில் டம்ளரையும் ஸ்பூனையும் திணித்தாள். "ஒரு வாய் தண்ணி குடுத்துட்டுப் போங்க தம்பி. அப்புறம் நெனச்சாலும் முடியாது."

அவன் மனசில்லாமல்தான் குனிந்தான். உதட்டை நனைத்தபோது காது அப்பாவின் வாய்க்குப் பக்கத்தில் போயிற்று.

"போஞ்சு... பிலாத்து... பாடுபட்டு..."

ஸ்பூன் தண்ணீர் தலையணையில் கொட்டியது. அது பிளாட்டு இல்லை, பிலாத்து. இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய அதிகாரி. அப்பா சொல்லிக்கொண்டிருந்தது விசுவாசப் பிரமாணம், எதையெல்லாம் நம்புகிறோம் என்று வரிசையாகச் சொல்லும் செபம். அதுவும் கோயிலில் இப்போது யாரும் சொல்லாத அந்தப் பழைய பிரமாணம். சவரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். வரிகள் காற்றாகப் போய்க்கொண்டிருந்தன. "சமுதீதப்... பிரயோசனம்" என்ற இடத்தில் வண்டி நின்றது. திரும்ப முதலிலிருந்து, "பரலோகமும்..."

சின்ன வயசில் முழங்காலில் நின்று சொல்லும்போது அந்த இடத்தில்தான் சவரிக்கு நாக்கு பிறழும், சிரிப்பு வரும். "அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனம்." அப்பா அதட்டமாட்டார். "இருக்கறவன் செபம் செத்தவனுக்கு ஒதவும், செத்தவன் செபம் நமக்கு ஒதவும், அவ்ளோதாண்டா. ரோமாபுரியில சிங்கத்துக்கு முன்னாடி நின்னவனும் இதையேதான் விசுவசிச்சான்" என்பார். இன்றைக்கு அதே இடத்தில் மாட்டிக்கொண்டு, தாண்டத் தெரியாமல் தவிக்கிறார்.

"அண்ணே, திட்டலண்ணே. பிரமாணம் சொல்றாரு. அடுத்தது வராம நிக்கிறாரு. எடுத்துக் குடு."

பெலிக்ஸ் பதறிப்போய் ஆரம்பித்தான். "விண்ணகத்தையும் மண்ணகத்தையும் படைத்த..." அப்பாவின் உதடு நின்றுவிட்டது. யாரோ வேறு பாஷையில் பேசியதுபோல் புருவம் சுருங்கியது.

"எனக்குப் புதுசுதாண்டா வருது. பழசு மறந்துபோச்சு" என்றான் பெலிக்ஸ்.

"எங்கம்மா வூட்டு சி.எஸ்.ஐ.ல பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்னு வரும்" என்றாள் கிரேஸ். "பிலாத்து அதுலயும் இருக்கான். எனக்குத்தான் பிளாட்டுன்னு கேட்டுது பாருங்க." தலையில் அடித்துக்கொண்டாள்.

பாஸ்டர் பார்த்தால் என்ன சொல்வார் என்று சவரி ஒரு நிமிஷம் நினைத்தான். நினைப்பு முடிவதற்குள் முழங்கால் தரையில் இருந்தது. அப்பாவின் காதில் வாயை வைத்து முதலிலிருந்து சொன்னான். ஒரு வரியும் மறக்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது, தாங்கமுடியாத சந்தோஷமாகவும் இருந்தது. அப்பாவின் உதடு அவனுக்கு ஒரு சொல் பின்னால் வந்துகொண்டிருந்தது. பிலாத்தைத் தாண்டினார்கள். பாதாளத்தைத் தாண்டினார்கள்.

"அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனத்தை விசுவசிக்கிறேன்."

நாக்கு பிறழவில்லை.

"பாவப்பொறுத்தலை விசுவசிக்கிறேன்."

"பா..." என்று அப்பாவின் உதடு கூடியது. அப்படியே நின்றது.

சவரி அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தான். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கிரேஸ் அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். "மாமா போய்ட்டாரு" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சவரி எழுந்திருக்கப் போனான். பெலிக்ஸ் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

"இன்னும் முடியலடா. சொல்லு."

"சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்" என்றான் சவரி. செத்தவர்கள் உடலோடு எழுவார்கள் என்கிற வரி அது.

பெலிக்ஸ் தம்பியின் பக்கத்தில் முழங்காலிட்டு, அவன் சொன்னதைச் சொல் மாறாமல் திருப்பிச் சொன்னான்.